அசையாத புல்லியை அடிக்காமல் கழற்றும் விதம்

பவர் ஸ்டியரிங் பம்ப் மாற்றுவது பெரிய வேலை இல்லை. இரண்டு ஹோஸ், மூன்று நான்கு பொல்ட், ஒரு பெல்ட். வேலையை மறித்துக்கொண்டு நிற்பது பம்பின் முகத்தில் இருக்கும், பெல்ட் சுற்றி ஓடுகிற சக்கரமான புல்லிதான். கடையில் வாங்கும் பம்ப் பெரும்பாலும் புல்லி இல்லாமல்தான் வரும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் போட்டு எடுக்கிற ரீகண்டிஷன் பம்பும் அப்படித்தான். ஆகவே பழைய பம்ப் குப்பைக்குப் போனாலும் பழைய புல்லி சேதமில்லாமல் கையில் வர வேண்டும். அதை நெளியாமல், வெடிக்காமல் எடுக்கத் தெரிந்தவனுக்கு மிச்ச வேலை தானாக நடக்கும்.

ஹட்டன் பக்கம் ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். எங்களிடம் வருவது கொழுந்து லொறி, மரக்கறி லொறி, தோட்டத்து டபுள் கேப். எல்லாமே மழையிலும் சேற்றிலும் கிடக்கிற வண்டிகள். கினிகத்தேனை, வட்டவளை பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது. அந்த ஈரம் புல்லிக்கும் அது ஏறியிருக்கும் சுழல்தண்டான சாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியிலும் போய் உட்காரும். அதோடு பம்ப் கசிகிற ஒயிலும் தோட்டத்து ரோட்டுச் செம்மண்ணும் சேர்ந்தால் சீமெந்து பூசிய மாதிரி இறுகிவிடும். கொழும்பில் புல்லர் என்கிற இழுப்புக் கருவியைப் போட்டவுடன் வருகிற புல்லி இங்கே வராததற்குக் காரணம் இதுதான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இந்த வேலையில் நான் அவசரப்படாததற்கும் காரணம் உண்டு. கோணலாக ஏறிய புல்லி பெல்ட்டை ஒரு பக்கமாகத் தின்னும். லோடு ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பெல்ட் பாய்ந்தால் ஸ்டியரிங் அந்த நொடியே கல்லாய்க் கனக்கும். வண்டி திரும்பத்தான் செய்யும், ஆனால் முழு உடம்பையும் போட்டுத் திருப்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அதற்கு நேரம் கிடைக்காது. சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அப்போது எஞ்சினும் சேர்ந்து சூடேறும்.

பம்ப்தான் பழுது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி கிடக்கும். அந்தக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பம்ப் கொஞ்ச நேரம் முனகினால் அது பழுது இல்லை. ஒயில் குளிரில் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கீச்சென்று கத்தினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது ஒயில் பட்டு வழுக்கும். ஸ்டியரிங் ஒயில் டாங்கியில் நுரை தெரிந்தால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளிப் வழியாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி சூடான பிறகு ஐட்லிங்கில் ஸ்டியரிங் கனத்தால், அல்லது சாஃப்ட் சீல் வழியாக ஒயில் சொட்டினால், பம்பைத் தொடலாம்.

புல்லி எந்தச் சாதி

டோர்ச் அடித்துப் புல்லியின் நடுவைப் பாருங்கள். மூன்று வகை உண்டு.

ஒரு வகையில் புல்லி தனித் தகடாக, நடுவில் உள்ள ஹப்பில் மூன்று நான்கு சின்ன பொல்ட்டால் பூட்டியிருக்கும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே பொல்ட்டுகளை இளக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

இரண்டாவது வகையில் நடுவில் ஒரு பெரிய நட் தெரியும். பழைய ஜப்பான் வண்டிகளில் இதுதான் அதிகம். நட்டுக்குப் பின்னால் சாஃப்ட்டில் அரைச்சந்திர வடிவில் ஒரு சாவித்துண்டு இருக்கும். நாங்கள் உட்ரஃப் கீ என்போம். சில பம்புகளில் சாஃப்ட் நேராக இருக்கும், சிலவற்றில் கூம்பாக இருக்கும்.

மூன்றாவதுதான் ஆளைப் படுத்துவது. நட்டும் இருக்காது, பொல்ட்டும் இருக்காது. சாஃப்ட்டின் முனை புல்லியின் முகத்தோடு மட்டமாக நிற்கும். நடுவில் உட்புரி வெட்டிய ஒரு துளை. புல்லியின் கழுத்து கொஞ்சம் முன்னே நீண்டு, அதைச் சுற்றி வெட்டிய பள்ளமாக ஒரு காடி ஓடும். இது பிரஸ் பண்ணி ஏற்றிய புல்லி. சாஃப்ட்டைவிடத் துளை ஒரு இம்மி சின்னது. பிடித்து வைத்திருப்பது அந்த இறுக்கம் மட்டுமே.

சில லொறிகளில் பம்ப் நேரே டைமிங் கியரில் பூட்டியிருக்கும். அதில் புல்லியே இல்லை. பெல்ட்டைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

எதுவும் தொடுவதற்கு முன்

சமதரையில் நிறுத்துங்கள். மலைநாட்டில் இது லேசாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ரோட்டோரம் எங்கே நிறுத்தினாலும் சரிவுதான். பின் டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், கல் வேண்டாம், கல் உருளும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறட்டும்.

பிறகு ஒரு அடிமட்டமோ வேர்னியரோ எடுத்து, சாஃப்ட் முனைக்கும் புல்லியின் கழுத்து முகத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதி வையுங்கள். மட்டமாக இருந்தால் மட்டம் என்று எழுதுங்கள். புல்லி எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று பெயின்ற்றில் ஒரு புள்ளி வையுங்கள். ஃபோனில் ஒரு படமும் எடுங்கள். திரும்பப் போடும்போது பெல்ட் நேராக ஓடுவதும் ஓடாததும் இந்த அளவில்தான் இருக்கிறது.

நட் உள்ள புல்லி

நிறையப் பேர் பெல்ட்டை முதலில் கழற்றிவிடுகிறார்கள். பிறகு நட்டைத் திருப்பினால் புல்லியும் சேர்ந்து சுற்றும். அப்புறம் ஸ்குரூ ட்ரைவரை புல்லி ஓட்டைக்குள் குத்திப் பிடிப்பார்கள். புல்லி நெளியும், இல்லாவிட்டால் பம்பைப் பொல்ட்டால் பூட்டுகிற காது உடையும். நட்டை இளக்க வேண்டிய நேரம் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதுதான். பெல்ட்டே புல்லியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் வழுக்கினால் ஒரு கையால் பெல்ட்டை அமுக்கிக்கொண்டு, நல்ல ஆறுமூலை சொக்கட்டும் நீளக் கம்பியும் போட்டு ஒரே சீராக இழுங்கள். பன்னிரண்டு மூலை சொக்கட் துருப்பிடித்த நட்டின் முனையைத் தேய்த்துவிடும்.

நட் இளகியதும் முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். சாஃப்ட் முனையோடு மட்டமாக வரும்வரை வெளியே எடுத்து அப்படியே விடுங்கள். புல்லர் போடும்போது புரி நசுங்காமல் அது காக்கும். கூம்புச் சாஃப்ட்டில் புல்லி திடீரென்று விடுபட்டு முகத்துக்குப் பாய்வதையும் அது தடுக்கும்.

துரு இளக்கும் ஸ்பிரேயைச் சாஃப்ட் விளிம்பைச் சுற்றி அடித்து ஒரு இரவு விடுங்கள். முடிந்தால் பம்பைப் புல்லி மேலே பார்க்கும்படி வைத்து விடுங்கள், ஒயில் தானாக இறங்கும். அவசரமாக வந்த டிரைவர் நிற்பார். நின்றாலும் பரவாயில்லை, பிளேன்டீ ஒன்று கொடுத்து உட்கார வையுங்கள். ஊறின புல்லிக்கும் ஊறாத புல்லிக்கும் உள்ள வித்தியாசத்தை அவரும் கண்ணால் பார்ப்பார்.

காலையில் இரண்டு கால் அல்லது மூன்று கால் புல்லர் போடலாம். காலை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பெல்ட் ஓடுகிற விளிம்பில் மாட்டக் கூடாது. ஹப்புக்குப் பின்னால், நடுவுக்கு எவ்வளவு கிட்டத்தில் பிடி கிடைக்கிறதோ அங்கே மாட்டுங்கள். நடு பொல்ட்டின் முனை சாஃப்ட்டின் நடுவில் உட்கார வேண்டும். இறுக்குங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், மறுபடி ஒரு கால் சுற்று. கூம்புச் சாஃப்ட் என்றால் புல்லர் நன்றாக இறுகி நிற்கும்போது ஹப்பின் பக்கவாட்டில் பித்தளைத் தண்டை வைத்து லேசாக ஒரு தட்டு. டக்கென்று விட்டுவிடும். சாஃப்ட்டின் முனையில் தட்டவே வேண்டாம். உட்ரஃப் கீயைப் பத்திரப்படுத்துங்கள். கையிலிருந்து நழுவினால் எஞ்சின் மௌன்ட் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஏன் அடிக்கக் கூடாது

"அண்ணே, பின்னால இருந்து ரெண்டு போடு போட்டா வந்துரும்." கராஜில் வேலை பழகுகிற தம்பிமார் எல்லாரும் என்றைக்காவது இதைச் சொல்வார்கள்.

"புல்லி வராது தம்பி, பம்ப்தான் போகும்" என்பேன். பிறகு பழைய பம்ப் ஒன்றைப் பிரித்துக் காட்டுவேன். உள்ளே ஒரு ரோட்டர். அதன் வெட்டுகளுக்குள் மெல்லிய எஃகுத் தகடுகள், ரோட்டர் சுற்றும்போது வெளியே வந்து வளையத்தைத் தடவி ஒயிலைத் தள்ளும். பக்கத்தில் கண்ணாடிபோல் மெருகிட்ட ஒரு பிரஷர் பிளேட். ரோட்டருக்கும் அந்தப் பிளேட்டுக்கும் நடுவே நகம்கூடப் போகாத இடைவெளி. அந்த இடைவெளிதான் 70, 100 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சாஃப்ட் முனையில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி நேரே அங்கே போய் இறங்கும். பிளேட்டில் கீறல் விழும், பெயரிங் குழியும், சாஃப்ட்டைப் பிடித்திருக்கும் சேர்க்ளிப் வளையும். "பழைய பம்ப்தானே, போனால் போகட்டும்" என்று சொல்லலாம். ஆனால் பின்னாலிருந்து அடித்தால் புல்லியும் சேர்ந்து போகும். தகட்டுப் புல்லி நெளியும், வார்ப்புப் புல்லி விளிம்பு தெறிக்கும். புதுப் பம்பில் அடித்து ஏற்றினால் புதுப் பம்பே முதல் நாளிலேயே பழசு.

வெலிமடைப் பக்கமிருந்து ஒரு மரக்கறி லொறி வந்தது. வேறெங்கோ பம்ப் மாற்றிய பிறகு பெல்ட் தொடர்ந்து நார் நாராகக் கிழிகிறது என்றார் டிரைவர். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். புல்லியின் விளிம்பு உள்ளே வெளியே என்று ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தித் துடைத்துப் பார்த்தால் விளிம்பில் மூன்று இடத்தில் வெள்ளையாய்ப் பளபளக்கும் பள்ளம், மூன்று கால் புல்லர் கடித்த தடம். கழுத்து முகத்தில் சுத்தியல் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. சாஃப்ட்டோடு மட்டமாக நிற்க வேண்டிய புல்லி அடிமட்டத்தால் அளந்தால் 3 மி.மீ. வெளியே நின்றது. அந்த 3 மி.மீ. தான் பெல்ட்டைக் கிழித்தது. லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இறங்குகிற வண்டி அது. அந்தப் புல்லியைக் காப்பாற்ற முடியவில்லை. வேறொன்று தேடிப் போட வேண்டியதாயிற்று.

பிரஸ் பண்ணிய புல்லி

கழுத்தில் ஓடுகிறது என்று சொன்னேனே ஒரு காடி, அது அலங்காரத்துக்கு வெட்டியதில்லை. புல்லர் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். இதற்கான புல்லரில் இரண்டு அரைவட்டத் துண்டுகள் இருக்கும். இரண்டும் சேர்ந்து காடிக்குள் மோதிரமாக உட்காரும். மேலே ஒரு வளையம் வந்து அவை விலகாமல் பிடிக்கும். நடு பொல்ட்டை இறுக்கினால் அது சாஃப்ட்டின் முனையைத் தள்ளும், துண்டுகள் கழுத்தை இழுக்கும். தள்ளலும் இழுப்பும் ஒரே நேர்கோட்டில் நடக்கும். பம்பின் உடலுக்கோ புல்லியின் விளிம்புக்கோ ஒரு பாரமும் போகாது. இந்த ஒழுங்கு இல்லாத எந்த வழியிலும் இந்தப் புல்லியை நான் தொடுவதில்லை.

வராத புல்லியில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். காடிக்குள் மண்ணும் ஒயிலும் இறுகிப்போய்க் காடியே தெரியாது. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு அரைவட்டத் துண்டை மாட்டினால் அது பாதி ஆழத்தில் நிற்கும். இறுக்கியதும் நழுவும். நழுவும்போது காடியின் உதட்டை மழுக்கிவிட்டுப் போகும். இரண்டு தரம் நழுவினால் பிறகு பிடிக்க ஒன்றுமே மிச்சமிருக்காது. ஆகவே கம்பி பிரஷ்ஷை எடுங்கள். அதற்குப் பிறகு உடைந்த ஹெக்ஸோ பிளேட் துண்டு ஒன்றை எடுத்துக் காடியைச் சுற்றிச் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். காடியின் அடியில் வெற்று உலோகம் மின்ன வேண்டும். துண்டை வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடக் கூடாது. இந்தச் சுரண்டலுக்கு எடுக்கிற நேரம் முழுவதும் லாபம்.

நடு பொல்ட்டின் புரியில் கிறீஸ் பூசுங்கள், முனையிலும் ஒரு பொட்டு. சாஃப்ட்டின் நடுவில் துளை இருப்பதால் பொல்ட்டின் கூர்முனை அதற்குள் இறங்கிப் புரியைக் கெடுக்கும். துளையைவிடப் பெரிய, புல்லித் துளையைவிடச் சின்ன ஒரு கடின எஃகு வில்லையை நடுவில் வையுங்கள். பழைய ரோலர் பெயரிங்கிலிருந்து எடுத்த ஒரு குட்டி ரோலரை நிமிர்த்தி வைத்தாலும் போதும். இப்போது புல்லர் உடலை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்து, பொல்ட்டை இன்னொரு ஸ்பானரால் திருப்புங்கள். காற்றழுத்தத்தில் பொல்ட் திருப்பும் துப்பாக்கி வேண்டாம். கையில் பிடித்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். முதலில் பாரம் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு கிறீச் சத்தம், கையில் ஒரு சின்ன விடுதலை. அங்கிருந்து கால் சுற்றுக்குக் கால் சுற்று புல்லி வரும். பாரம் குறையாமல் பொல்ட் மட்டும் திரும்பிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். துண்டு காடியிலிருந்து ஏறுகிறது, அல்லது பொல்ட்டின் புரி உரிகிறது.

கண்ணாடி போடுங்கள். இவ்வளவு இறுக்கத்தில் எது விட்டாலும் முகத்தை நோக்கித்தான் வரும்.

வண்டியிலேயே வைத்து இழுக்க இடம் இல்லாவிட்டால், புல்லியின் ஓட்டைகள் வழியாகச் சொக்கட்டை விட்டு பம்பின் பொல்ட்டுகளைக் கழற்றி, புல்லியோடு சேர்த்துப் பம்பை வெளியே எடுங்கள். மேசையில் வைஸில் போட்டு வேலை செய்வது எப்போதும் மேல். வைஸில் பம்பின் காதைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடிக்க வேண்டாம். வார்ப்பு உடல் வெடிக்கும்.

அப்படியும் அசையாவிட்டால்

புல்லரை முழு இறுக்கத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பாரத்தில் நின்ற புல்லி சிலவேளை நீங்கள் திரும்பி வரும்போது தானாக ஒரு நூல் நகர்ந்திருக்கும். ஸ்பிரே, இறுக்கம், காத்திருப்பு, மறுபடி இறுக்கம். இதற்குப் பொறுமை இல்லாதவர்தான் சுத்தியலைத் தேடுவார்.

கடைசி ஆயுதம் சூடு. எஃகில் 17 மி.மீ. துளை ஒன்று 100 பாகை சூடு கூடினால் ஏறத்தாழ 0.02 மி.மீ. விரியும். பார்க்க ஒன்றுமில்லைபோல் இருக்கும். பிரஸ் பிடியே அந்த அளவில் உள்ள சங்கதி என்பதால் அது போதும். ஆனால் ஹப் சூடேற வேண்டும், சாஃப்ட் சூடேறக் கூடாது. இரண்டும் சேர்ந்து விரிந்தால் பிரயோசனமில்லை. ஆகவே மெதுவாகச் சூடாக்க வேண்டாம். ஹொட் எயார் கன்னை ஹப்பைச் சுற்றிச் சுற்றி வேகமாகக் கொடுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று சீற வேண்டும். அந்த நிமிடமே புல்லரை இறுக்குங்கள். ஹப் சிவக்கும்வரை கேஸ் சுடரைப் பிடிக்கிறவர்கள் உண்டு. அந்த எஃகின் பிடி அதோடு போய்விடும்.

சூடு கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம். பம்பை வண்டியிலிருந்து எடுத்து, ஒயிலை வடித்து, ஸ்பிரேயை முழுதாகத் துடைத்திருக்க வேண்டும், இரண்டும் தீப்பிடிக்கும். பம்பைத் திரும்பப் பாவிக்கப் போகிறீர்களானால் சாஃப்ட் சீல் கட்டாயம் மாற்ற வேண்டும், ரப்பர் இந்தச் சூட்டைத் தாங்காது. மூன்றாவது, புல்லி பிளாஸ்டிக்கா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். சில வண்டிகளில் நடுவில் மட்டும் எஃகு, மீதி கறுப்புப் பிளாஸ்டிக். அதற்குச் சூடே ஆகாது.

புல்லர் கிடைக்காத இடத்தில்

இந்தப் புல்லர் செட் பெட்டியோடு விற்பனைக்கு உண்டு. வாங்குங்கள், நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல செட்டுகள் அமெரிக்க வண்டிகளின் சேகினா வகைப் பம்புக்காகச் செய்தவை. அவற்றில் புல்லி ஏற்றுகிற பொல்ட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. எங்கள் வண்டிகளின் சாஃப்ட்டில் உள்ளது மி.மீ. புரி, பொதுவாக எம்8 அல்லது எம்10. 3/8 என்பது 9.5 மி.மீ. சொச்சம். அது எம்10 துளைக்குள் தளர்வாகப் போகும். சரியாக இருக்கிறதே என்று தோன்றும். பாரம் கொடுத்ததும் சாஃப்ட்டின் புரியை உரித்துக்கொண்டு வெளியே வரும். சரியான பொல்ட் விரலால் திருப்பியே ஆறேழு சுற்றுப் போகும், ஆட்டினால் ஆடாது.

செட் இல்லாவிட்டால் லேத் கடைக்குப் புல்லியையே கொண்டுபோங்கள். காடியின் விட்டமும் அகலமும் பார்த்து ஒரு எஃகு வளையம் கடைந்து, அதை நடுவில் வெட்டி இரண்டாக்கித் தருவார்கள். மேலே போட ஒரு குழாய் வளையம், ஒரு தடித்த தகடு, நடுவில் நல்ல உறுதிப் பொல்ட் ஒன்று. என் கராஜில் பாவிப்பது அப்படிச் செய்ததுதான். மலைநாட்டில் லேத் போட்டிருக்கும் பாஸ்மார் தேயிலைத் தொழிற்சாலை ரோலருக்குச் சாமான் கடைந்து பழகியவர்கள். அளவைச் சொன்னால் நூல் பிசகாது.

திரும்பப் போடுவது

புல்லியைக் கழுவி, கழுத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். துளையின் உட்பக்கத்தை மெல்லிய எமரித் தாளால் துரு போகுமளவுக்கு மட்டும் துடையுங்கள். உலோகத்தைத் தேய்த்தால் பிடி போய்விடும். பலதரம் கழற்றிப் போட்ட புல்லி கையால் தள்ளினாலே பாதிவரை ஏறும். அதை வைத்துக்கொள்ள வேண்டாம். பசை போட்டோ வெல்ட் வைத்தோ ஒட்டுவது ஆபத்து. வெல்டின் சூட்டில் சீல் கருகும், புல்லி கோணும். ஓடுகிற வழியில் விட்டுப் போனால் யார் பொறுப்பு?

நட் உள்ள வகைக்குக் கீயை அதன் வெட்டில் உட்கார வைத்து, புல்லியை நேராகத் தள்ளி, நட்டை வண்டிக்குரிய கைநூல் சொல்லும் டோர்க்கில் இறுக்குங்கள். முடிந்தது.

பிரஸ் வகைக்கு, தலை இல்லாத நீளப் புரிக்கம்பியைச் சாஃப்ட்டின் துளைக்குள் அடிவரை விரலால் திருப்புங்கள். அதன்மேல் ஒரு சின்ன த்ரஸ்ட் பெயரிங், தடித்த வொஷர், நீள நட். கம்பியை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். புல்லி உள்ளே இறங்கும். தலை உள்ள பொல்ட்டை நேரே சாஃப்ட்டுக்குள் திருப்பி அமுக்கக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று புரிதான் பிடித்திருக்கும், முழுப் பாரமும் அதில் விழுந்து உரிந்துவிடும். புது பம்பின் சாஃப்ட்டில் புரி உரிந்தால் அந்தப் பணம் போனதுதான். ஏற்றும்போது அடிக்கடி நிறுத்தி முன்பு எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பம்பைப் பூட்டிய பிறகு ஒரு நேரான அடிமட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து, பெல்ட் ஓடும் காடிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். பழைய பம்ப் தேய்ந்த தூள் அதில்தான் மிதக்கிறது. டாங்கியையும் அதன் வலையையும் கழுவுங்கள், திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு வடியுங்கள். மூடியில் டெக்ஸ்ரோன் என்று எழுதியிருந்தால் அந்த ஏ.டி.எஃப். (ஒட்டோ கியர் ஒயில்) ஊற்றுங்கள், வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதையே ஊற்றுங்கள். வடித்ததைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். எங்கள் கான் எல்லாம் ஓடையில் சேர்கிறது, அந்தத் தண்ணீரைக் கீழே லயத்தில் இருக்கிறவர்கள் அள்ளுகிறார்கள்.

முன் அக்சிலை ஜெக்கில் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஒரு ஆள் டாங்கியைப் பார்த்துக்கொண்டு ஒயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும். குமிழ் வருவது நின்ற பிறகுதான் ஸ்டார்ட். உலர்ந்த பம்பை ஓட விட்டால் அந்த மெருகுப் பிளேட்டில் முதல் கீறல் அங்கேயே விழும். ஸ்டார்ட் பண்ணிய பிறகும் மெதுவாகத் திருப்புங்கள், கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஒயில் பால்போல் வெளுத்தால் எஞ்சினை நிறுத்திக் காற்று மேலே வரும்வரை விட்டு, மறுபடி தொடங்குங்கள்.

டிரைவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியது இரண்டு. ஒரு நடை கொழும்பு போய் வந்ததும் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும், புது இடத்தில் உட்கார்ந்த பெல்ட் கொஞ்சம் தளரும். அப்போதே போனெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது புல்லியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கையையும் சட்டைக் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு ஆடாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. ஆடினால் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.